மருந்து படாத கூண்டுகள்

"உங்க அக்கா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று யாராவது கேட்டால் என் தம்பி, "ஈ ஓட்டுது" என்பான். கேட்டவர்கள் எனக்கு வேலை வெட்டி இல்லை என்று எடுத்துக்கொண்டு, பாவம் பார்த்துப் பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பத்து வருடம் கோபப்பட்டுப் பார்த்துவிட்டு இப்போது விட்டுவிட்டேன். ஏனென்றால் அவன் சொல்வது பாதி உண்மை. நான் ஈ ஓட்டுவதில்லை, வளர்க்கிறேன்.

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், பழைய ஜவ்வரிசி ஆலை ஒன்றை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆராய்ச்சி மையம் நடக்கிறது. ஜவ்வரிசி காயப்போட்ட பெரிய களத்தில் இப்போது நாங்கள் நாலு மணிக்கு டீ குடிக்கிறோம். உள்ளே, ஒரு காலத்தில் மாவு மூட்டை அடுக்கியிருந்த அறையில், என் ஈக்கள் இருக்கின்றன. விலங்கியல் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. எல்லோருக்கும் நான் 'ஈ ரூம் அக்கா'.

பரிணாமம் என்றாலே ஜனங்களுக்குக் குரங்கு ஞாபகம்தான் வருகிறது. லட்சக்கணக்கான வருடம், மண்ணுக்கடியில் எலும்பு, இப்படி. எங்கள் மேடம், அதாவது மையத்தை நடத்துகிறவர், அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "கோழிப்பண்ணைக்கு வாங்க, ரெண்டு கோடைக்குள்ள காட்டறேன்" என்பார். முட்டைக்கோழிக் கூண்டுக்குக் கீழே எச்சம் குவிகிறது. எச்சத்தில் ஈ முட்டை வைக்கிறது. பண்ணைக்காரர் மருந்து அடிக்கிறார், நூற்றுக்குத் தொண்ணூறு செத்துவிடுகிறது. சாகாத மிச்சம்தான் அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன். நாலைந்து தலைமுறை போனால் அதே மருந்து அதற்குப் பன்னீர் தெளித்த மாதிரி. பண்ணைக்காரர் மருந்துக் கடைக்காரரைத் திட்டுகிறார், பக்கத்து ஊர்க்காரர்கள் பண்ணைக்காரரைத் திட்டுகிறார்கள், ஈ யாரையும் திட்டாமல் சாப்பாட்டு இலையில் வந்து உட்காருகிறது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை களத்தில் கூட்டம் நடக்கும். பண்ணைக்காரர்கள் ஊறுகாய் பாட்டிலில், தண்ணீர் பாட்டிலில், ஒருமுறை ஒருவர் டிபன் பாக்ஸில்கூட, தங்கள் பண்ணை ஈயைப் பிடித்து வருவார்கள். எந்த மருந்துக்கு விழுகிறது, எதற்கு விழவில்லை என்று சோதித்துச் சொல்வோம். பதிலுக்கு ஒரு அட்டை முட்டை வந்துவிடும். எங்கள் மையத்தில் முட்டை சாப்பிடாதவர் என்று யாரும் நிலைத்ததில்லை.

ஈ அறையில் இடப்பக்கம் மூன்று கூண்டு, வலப்பக்கம் மூன்று கூண்டு. ஆறும் ஒரே தாய்வழி. ஒரு குக்கிராமத்து மாட்டுக் கொட்டகையில் பிடித்தவற்றை இரண்டாகப் பிரித்தது. மருந்து வாசனையே அறியாத கொட்டகை அது. இடப்பக்கத்து ஈக்களைத் தலைமுறைக்கு ஒருமுறை வேறொரு அறைக்குக் கொண்டுபோய், மருந்து பூசிய பாட்டிலில் ஒரு மணி நேரம் வைப்போம். தப்பியவை மட்டும் கூண்டுக்குத் திரும்பும். வலப்பக்கத்து ஈக்களையும் அதேபோல் ஒரு மணி நேரம் பாட்டிலில் வைப்போம், ஆனால் அது வெறும் பாட்டில். எல்லாமே திரும்பி வரும். அவை மருந்தே படாதவை. இடப்பக்கம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அளக்க வலப்பக்கம்தான் அளவுகோல். வலப்பக்கம் இல்லையென்றால் இடப்பக்கத்துக்கு அர்த்தமே இல்லை.

இந்த ஆறு கூண்டும் ஒரு பெண்ணின் ஆய்வு. இளம்பிள்ளை என்கிற ஊர்க்காரி. வீட்டில் பட்டுச்சேலைத் தறி. அந்தக் குடும்பத்தில் முனைவர் பட்டம் என்ற வார்த்தையைக் கொண்டுவந்ததே அவள்தான். மூன்று வருடமாக ஒரு தலைமுறை தவறாமல் பார்த்தவள். தீபாவளி முடிந்ததும் கடைசிச் சோதனை, மார்ச்சோடு உதவித்தொகை முடிகிறது, அதற்குள் எழுதிக் கொடுத்துவிடவேண்டும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. என்னிடம்தான் தினமும் சொல்லுவாள்.

அந்த ஆயுத பூஜைக்கு அவள் தறிக்குப் பூஜை போட ஊருக்குப் போயிருந்தாள். மேடம் ஆத்தூரில் தங்கை வீட்டில். மையத்துப் பூஜை என் தலைமையில்.

எங்கள் பக்கத்து ஆயுத பூஜையைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இது லாரியும் ரிக் வண்டியும் தறியும் ஓடுகிற ஊர். சோறு போடுகிற எந்தச் சாமானுக்கும் அன்றைக்குப் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். என் அப்பா ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட்டவர். ஒரு ஸ்பேனரை மறந்துவிட்டுப் பூஜை முடித்தால்கூட மறுபடி முதலிலிருந்து சூடம் காட்டுவார். அந்த வீட்டில் பிறந்த எனக்கு, மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்து, ஃப்ரிட்ஜுக்கு மாலை போட்டு, ஜீப்புக்கு வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, ஈ அறையை மட்டும் வெளியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போக வருடா வருடம் மனசு கேட்காது. இந்த ஆறு கூண்டுதானே எங்களுக்குச் சோறு போடுகிறது?

கதவில் பலகை தொங்கும்: 'மருந்து, கொசுவத்தி, சென்ட், பவுடர் கூடாது'. அந்தப் பலகையை எழுதியதே நான்தான். ஊதுபத்தி என்று அதில் இல்லை. சூடம் கொளுத்தினால் கூண்டு வலையில் தீப்பிடிக்கும், அது ஆபத்து, ஊதுபத்தி போதும் என்று முடிவு செய்தேன். நான் ஜாக்கிரதையாக நடந்துகொண்டேன் என்று அப்போது எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. காலையில் பெட்டிக்கடையில் வழக்கமான பத்தி தீர்ந்துபோய், வேப்பிலைப் படம் போட்ட வேறொரு பாக்கெட்டைக் கொடுத்திருந்தார்கள். வேப்பிலை நல்லதுதானே என்று வாங்கி வந்திருந்தேன். ஒரு வாழைப்பழத்தில் பத்துப் பத்தியைச் செருகிக் கொளுத்தி, ஆறு கூண்டையும் சுற்றிக் காட்டி, அணைகிற வரைக்கும் கூடவே நின்றேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனேன்.

விஜயதசமி காலை, ஈக்களுக்குப் பால் வைக்கப் போய்க் கதவைத் திறந்ததும் காதில்தான் முதலில் பட்டது. ஆறு கூண்டின் ரீங்காரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பாதிதான் கேட்டது. வலப்பக்கம் திரும்பினேன். மூன்று கூண்டின் தரையிலும் கறுப்பாகக் கிடந்தன, மல்லாக்க. ஏழெட்டு மட்டும் மூலையில் தள்ளாடிக்கொண்டிருந்தன.

நான் முதலில் செய்தது வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் திட்டியது. "யாரு உள்ள மருந்து அடிச்சது? உண்மையச் சொல்லுங்க!" என்று கத்தினேன். அவர் பயந்துபோய், "ஏனுங்க, சாவி உங்க கையிலதானுங்களே இருக்குது" என்றார். அதற்குப் பிறகுதான் மேஜைமேல் வாழைப்பழமும் சாம்பலும் கண்ணில் பட்டன. மேஜை டிராயரிலிருந்து மிச்சப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் 'கொசுக்களை விரட்டும்' என்று போட்டிருந்தது. கொசுவை விரட்டும் சரக்கும், நாங்கள் பாட்டிலில் பூசும் மருந்தும் அக்கா தங்கை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இடப்பக்கத்து மூன்று கூண்டிலும் ஈக்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி பறந்துகொண்டிருந்தன. ஒரே அறை, ஒரே புகை, ஒரே தாய்வழி. ஒரு பக்கம் பிணக்காடு, ஒரு பக்கம் கல்யாண வீடு. வருடக்கணக்கில் சனிக்கிழமைக் கூட்டம் தோறும் வாயால் விளக்கியதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். என்ன அழகு என்று ஒரு நொடி தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பாக்கெட்டை வெளியில் வீசிவிட்டு 'ஏசி கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு இளம்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க்கா, பூஜை, நோம்பியெல்லாம் ஆச்சுங்களா?" என்றாள், சிரித்த குரலில்.

"கண்ணு, வலப்பக்கத்துக் கூண்டு மூணும் போச்சு. நாந்தான். உள்ள பத்தி கொளுத்துனேன், அது கொசுப்பத்தி."

போன் கட்டாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் பஸ் பிடித்து வந்து நின்றாள், நெற்றியில் பூஜைக் குங்குமத்தோடு. என்னைப் பார்க்கவில்லை. சின்ன பிரஷ் எடுத்து, செத்த ஈக்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ண ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், எனக்கு அது பழக்கம். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் நானே சொன்னேன். மேடமும் திட்டவில்லை. "பலகையில புகைன்னு எழுதணும்னு எனக்கும் தோணலையே. சரி, இப்ப என்ன பண்றதுன்னு பாப்போம்" என்றார். அந்த வார்த்தை அடியைவிட வலித்தது. ஈ அறைச் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்கு நானே போய்விட்டேன். யாரும் தடுக்கவில்லை.

என்ன செய்வது என்று ஒரு வழியும் தெரியவில்லை. தப்பிய ஏழெட்டை வைத்துப் பெருக்கலாம் என்றால், அவை புகையைத் தாங்கியதால் தப்பியவை. அவற்றின் பிள்ளைகளை இனிமேல் மருந்து படாதவை என்று சொல்லமுடியாது. மாட்டுக் கொட்டகைக்கே போகலாம் என்றால், அது இருந்த இடத்தில் இப்போது நாலுவழிச் சாலை ஓடுகிறது. வேறு ஊர் ஆய்வகத்தில் கேட்டோம், அவர்களிடம் இருந்தது வேறு சீமை ஈ. நம் ஈயோடு ஒப்பிட அது உதவாது. குமாரபாளையத்தில் ஒரு ஜவுளி ஏற்றுமதி ஆபீஸில் ஆர்டர் பார்க்கும் வேலை இருக்கிறது, அதற்கு அந்தப் பெண் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள் என்று வாட்ச்மேன் என்னிடம் சொன்னார். அன்றைக்கு இரண்டு குடுவையை உடைத்தேன்.

ஒன்பதாம் நாள் அவள் கழுவும் தொட்டிப் பக்கம் வந்து நின்றாள். "மிச்சம் பத்தி இருக்குதுங்களா?" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஆறு இருந்தது, கொடுத்தேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பண்ணைக்காரர்கள் கொண்டுவந்திருந்த ஈக்களில் மருந்து தாங்காதது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று, ஒவ்வொரு பெட்டியாக அடைத்து அந்தப் புகையைக் காட்டினாள். அனேகமாக ஒன்றும் விழவில்லை. அதை மேடத்திடம் காட்டும்போது நான் குடுவை துடைத்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

"இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தப் பண்ணை ஈயும் விழலைங்க மேடம். மருந்தை நிறுத்திப்போட்ட பண்ணைன்னு ஒண்ணாவது இருந்தா, அங்க ஈ பழையபடி ஆயிருக்குமுங்களா? தாங்கற ஈ தாங்கறதுக்குன்னே தெம்பைச் செலவு பண்ணுது. மருந்து இல்லாத எடத்துல அது நட்டந்தானுங்களே? தாங்காத ஈதான் அங்க ஜாஸ்தியாப் பெருகோணும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். "நீ மூணு வருஷமா கேட்ட கேள்வியைவிட இது நல்ல கேள்வி" என்றார். "அப்படி ஒரு பண்ணையைக் கண்டுபிடி. உதவித்தொகையை ஆறு மாசம் நீட்டச் சொல்லி நான் எழுதறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க ஸ்கூட்டர் ஓடுதா?" என்று கேட்டார்.

ஐந்து வாரம் சுற்றினோம். அவள் பின்னால் உட்கார்ந்து வலையைப் பிடித்துக்கொள்வாள், வழி சொல்ல மட்டும் வாய் திறப்பாள். எங்களை ஏதோ அதிகாரிகள் என்று நினைத்து, முதல் பத்துப் பண்ணைக்காரர்களும், "மருந்துங்களா? நாங்க அடிக்கறதே இல்லீங்க" என்றார்கள். ஒருவர் மருந்து டிரம்மின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார். வாயைக் கட்டுப்படுத்த முடியாமல், "அப்ப நீங்க உக்காந்திருக்கறது என்னங்க, சிம்மாசனமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் டீ தராமல் அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பின்னால் அவள் சிரித்த சத்தம் கேட்டது. ஆயுத பூஜைக்குப் பிறகு முதல் தடவை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

கடைசியில் தீவன லாரி டிரைவர் ஒருவர் வழி சொன்னார். நாலாபுறமும் மரவள்ளிக் காடு, நடுவில் இரண்டே கொட்டகை. நடத்துவது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கேட்டதும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"நாலு வருசமாச்சுங்க மருந்தை நிறுத்தி. அடிச்சாலும் ஈ இருக்குது, அடிக்காட்டியும் இருக்குது, அப்பறம் எதுக்குங்க? தண்ணிக் குழா ஒழுகாம பாத்துக்குவேன், எச்சத்தைக் கெளறிக் காயவிட்டுச் சுண்ணாம்பு போட்டுருவேன். அவ்வளவுதானுங்க."

ஈக்களைப் பிடித்துவந்து ஒரு தலைமுறை வளர்த்தாள். சோதனை நாள் அன்று களத்தில் டீ ஆறிக்கொண்டிருக்க எல்லோரும் உள்ளே கூடிவிட்டோம். பண்ணைக்காரம்மாவும் பஸ் ஏறி வந்திருந்தார். மருந்து பூசிய பாட்டில் எட்டு. நாலில் அவருடைய ஈ, நாலில் மருந்து அடிக்கிற பக்கத்துப் பண்ணை ஈ, பாட்டிலுக்கு இருபது. எல்லாம் பறந்துகொண்டே இருந்தால் அவளுக்கு எழுத ஒன்றும் இல்லை. குமாரபாளையம் போகவேண்டியதுதான். நான் வாசலிலேயே நின்றேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் எண்ணும் கருவியை எடுத்தாள். மேஜைப் பக்கம் போனவள் பாதியில் நின்றாள். "எனக்குக் கண்ணே தெரிய மாட்டேங்குது. நீங்க எண்ணுங்க்கா" என்று நீட்டினாள்.

எண்ணினேன். பக்கத்துப் பண்ணைப் பாட்டில்களில் ஒன்றிரண்டுதான் விழுந்திருந்தன. பண்ணைக்காரம்மாவின் முதல் பாட்டிலில் பதினேழு மல்லாக்கக் கிடந்தன. நம்பாமல் மறுபடி எண்ணினேன், பதினேழுதான். அடுத்தது பதினாறு, பதினெட்டு, மறுபடி பதினேழு. முழுசாகப் பழையபடி ஆகவில்லை, ஆனால் பெரும்பாலும் திரும்பிவிட்டது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கடைசி எண்ணை எழுதியதும் நோட்டின் மேலேயே கவிழ்ந்து அழுதுவிட்டாள். மேடம் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பண்ணைக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என் ஊட்டு ஈ செத்துப்போச்சு, அதுக்கு ஏனுங்க எல்லாரும் இப்புடி?" என்றார். மருந்தை நிறுத்தினால் ஈ மறுபடி பலம் இழக்கிறது, நிறுத்தி நிறுத்தி அடித்தால் மருந்துக்கு மறுபடி வேலை இருக்கும், இந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் இனி இதைச் சொல்லலாம் என்று மேடம் விளக்கினார். அந்த அம்மா ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப நான் நாலு வருசமா சும்மா இருக்கலைன்னு சொல்லுங்க" என்றார்.

எல்லோரும் ஆறிப்போன டீக்குப் போன பிறகு நான் பாட்டில்களைக் கழுவ எடுத்தேன். அவள் மட்டும் உள்ளே நின்றாள். மருந்து காட்டாமல் ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பண்ணை ஈக்கள் ஒரு புதுக் கூண்டில் இருந்தன.

"நீங்க அதைக் கொளுத்தாட்டி இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காதுங்க்கா" என்றாள்.

"அப்ப நன்றி சொல்லு" என்றேன். என் வாய் அப்படி.

"அதெல்லாம் முடியாது. மூணு வருசம் நான் பாத்துப் பாத்து வளத்துனது. அது போனது போனதுதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூண்டை வலப்பக்கத்து வெற்று அலமாரியில் தூக்கி வைத்தாள். "நாளைக்குக் காலைல இதுகளுக்கு நீங்கதான் பால் வெக்கோணும்."

"சரி கண்ணு" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, மேடம் மேஜையில் வைத்த சாவியை எடுக்கப் போனேன்.